திரியைச் சற்றுத் தணியுங்கள்

நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் கிராமத்து வீட்டுக்கு மின்சாரம் வரவில்லை. ஓர் அரிக்கேன் விளக்கு உண்டு. ராத்திரிச் சாப்பாடு ஆனபிறகு அப்பா அதை எதிரே வைத்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊர்க் கணக்கு எழுதுவார். அதே கூடத்தில் நாங்கள் நாலு பேர் வரிசையாகப் படுத்திருப்போம். கடைசித் தங்கை புரண்டு படுத்தால் போதும். அம்மா சமையலறையிலிருந்தே, "திரியைச் சற்றுத் தணியுங்களேன், குழந்தை முழித்துக்கொள்ளப் போகிறது" என்பாள். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வலது கை எழுதிக்கொண்டே இருக்கும். இடது கை விளக்கின் பக்கத்துத் திருகைத் தேடிப் பிடித்து ஒரு திருகு திருகும். சுடர் இறங்கும். கூடத்தின் மூலைகளில் இருட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் தூங்கிப் போவோம்.

விளக்கைத் தணிப்பது அந்தக் காலத்தில் அத்தனை சுலபமான காரியம். அறுபது வருஷத்துக்கு மேல் கழிந்து, அதே காரியத்தைச் செய்ய எனக்கு ஒரு சாயங்காலமும், பாதி ராத்திரியும், புனேவுக்கு ஒரு டெலிபோன் பேச்சும் வேண்டியிருந்தன. அந்தச் சங்கதியைத்தான் சொல்ல வருகிறேன். கம்ப்யூட்டர் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் கம்ப்யூட்டர் பாதிதான்.

நான் கதை எழுதுவது ஒரு பழைய மடிக்கணினியில். 2011-ல் என் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது அவனுக்காக வாங்கியது. அவன் படித்து முடித்து, வேலைக்குப் போய், புதிது வாங்கிக்கொண்டதும், பழையது தகப்பனுக்கு வந்து சேர்ந்தது. மகன்கள் போட்டுப் பழசான சட்டையை அப்பாக்கள் உடுத்துகிற காலம் அல்லவா இது? விண்டோஸ் 7 என்ற ஏற்பாட்டோடு வந்த யந்திரம் அது. பிற்பாடு விண்டோஸ் 10 ஆயிற்று. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அந்தப் பதிப்புக்கு வழக்கமான இலவசப் பராமரிப்பு நின்றுவிட்டது. அதற்கடுத்த பதிப்பில் ஏற என் கிழட்டு யந்திரத்துக்கு வேண்டிய உறுப்புகள் இல்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்த மகன், "கவலைப்படாதீங்கப்பா, லினக்ஸ் போட்டுத் தர்றேன்; இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றான். பட்சணம் தின்றுகொண்டே ஒரு பகலில் போட்டும் கொடுத்தான்.

லினக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் சரக்கு அல்ல. 1991-ல் பின்லாந்து தேசத்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயதுப் பையன், பொழுதுபோக்குக்குச் செய்கிறேன் என்று சொல்லி ஆரம்பித்தது. பிறகு உலகெங்கும் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்து வளர்த்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், கொடுக்கலாம். ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான். எனக்கு வெகு திருப்தி. யந்திரம் முன்னைவிட விரைவாக ஓடிற்று. தமிழ் எழுத்து அழகாக விழுந்தது. ஒரே ஒரு குறை. விசைப்பலகையின் மேல்வரிசையில் இரண்டு சூரியன்கள் உண்டு: ஒரு சின்னச் சூரியன், ஒரு பெரிய சூரியன். சின்னதை அழுத்தினால் திரையின் ஒளி குறைய வேண்டும். பெரியதை அழுத்தினால் கூட வேண்டும். இரண்டும் வேலை செய்யவில்லை. திரை எப்போதும் உச்சி வெயிலாக எரிந்தது.

மகன் திரும்பிப் போன பிறகுதான் அதைக் கவனித்தேன். கவனித்து, விட்டும்விட்டேன். எழுபது வயதுக் கண்ணுக்கு வெளிச்சம் அதிகமாக இருந்தால் என்ன நஷ்டம்?

நஷ்டம் எனக்கு இல்லை. எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் கொண்டது. என் மேஜை படுக்கையறை ஜன்னலோரம். கட்டில் அதற்கு எதிரே. நான் ராத்திரியில் எழுதுகிறவன். கார்த்திகை மாதத்திலேயே என் மனைவி சொன்னாள்: "அந்த வெளிச்சம் கண்ணைக் குத்துதுங்க." நான் "பொத்தான் வேலை செய்யலை" என்றேன். மார்கழியில் சொன்னாள்: "விளக்கைச் சுத்தி ஒரு வட்டம் வட்டமா தெரியுதுங்க." நான் தலையை ஆட்டினேன். முந்தானையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றைய அத்தியாயம் நன்றாக வந்தது.

தை மாதத்தில் பக்கத்து வீட்டு அம்மாள்தான் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றிவிட்டது. வெளிச்சம் கூசுவதும், விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் புரையின் அடையாளங்களாம். கண்ணுக்குள் இருக்கிற வில்லை கலங்கிப் போனால், வருகிற ஒளி நேராகப் போகாமல் சிதறுகிறது, அதனால்தான் கூச்சம். டாக்டர், "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்டாராம். இவள், "ரெண்டு மூணு மாசமா" என்றாளாம். "வீட்டில் சொல்லவில்லையா?" என்றாராம். இதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கலங்கின வில்லையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார்கள். அரை மணி நேரத்துக் காரியம். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொட்டு மருந்து விட வேண்டும். தூக்கத்தில் கையைக் கொண்டுபோய்க் கண்ணைக் கசக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் கூசும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும் என்றார்கள். ஆகையால் ராத்திரியில் நான் அவள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். பத்திரிகைக்கு மறுநாள் காலை அத்தியாயம் போயாக வேண்டும். திரையோ உச்சி வெயில். மூன்று மாதம் கழித்து, அன்று சாயங்காலந்தான், பொத்தான் வேலை செய்யாதது எனக்கு ஒரு பிரச்னையாகத் தெரிந்தது. புனேவுக்கு டெலிபோன் செய்தேன்.

"பொத்தானை அழுத்தினா திரையிலே ஒரு பட்டை வருதாப்பா?" என்று கேட்டான் மகன்.

அழுத்திப் பார்த்தேன். வந்தது. சூரியன் படத்தோடு ஒரு பட்டை தோன்றி, அழுத்த அழுத்தக் குறைந்துகொண்டே போயிற்று. வெளிச்சம் மட்டும் அசையவில்லை.

"அப்போ பொத்தான் நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்றது அதுக்குக் கேட்குது. கேட்டுத் தலையையும் ஆட்டுது. உள்ளே போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேரலை" என்றான்.

அவன் யந்திரத்தைப் பற்றித்தான் சொன்னான். எனக்கு என்னமோ சுருக்கென்றது.

பிறகு அவன் சொன்ன விவரத்தை நான் விளங்கிக்கொண்ட வரையில் சொல்கிறேன். திரையில் தெரிகிற படம் வேறு, அதற்குப் பின்னால் எரிகிற விளக்கு வேறு. படத்துக்குச் சுயமாக ஒளி கிடையாது. தோல்பொம்மைக் கூத்தில் பின்னால் விளக்கு வைப்பது போலத்தான். அந்தப் பின்விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் யந்திரத்தில் ஒரே வழி இருந்தால் வம்பில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. யந்திரத்தோடு பிறந்த பயாஸ் என்ற உள்நிரல் வழியாகச் சொல்லலாம். 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து வகுத்த ஏசிபிஐ என்ற சட்டதிட்டத்தின்படி நடக்கும் வழி அது. மடிக்கணினி செய்த கம்பெனியின் தனி வழி என்று ஒன்று இருக்கலாம். படம் வரைகிற சில்லிடமே நேராகப் போய்ச் சொல்லும் வழியும் ஒன்று. அதற்கு 'நேட்டிவ்', அதாவது சுதேசி வழி என்று பெயர்.

எந்த வழியை நம்புவது என்று லினக்ஸ்தான் தீர்மானிக்கிறது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது நேர்வழியே நடைமுறையாகிவிட்டது. ஆகவே அந்தக் காலத்துக்கும் அதற்குப் பிந்தியதுமான யந்திரம் என்றால் லினக்ஸும் நேர்வழியில் போகும். அதற்கு முந்திய யந்திரம் என்றால் பயாஸின் வார்த்தையை நம்பும். முன்பெல்லாம் ஒரே விளக்கு இரண்டு மூன்று பெயரில் பட்டியலில் நிற்குமாம். 2022 டிசம்பரில் வந்த 6.1 என்ற பதிப்பிலிருந்து, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் காட்டுகிறது. என் யந்திரம் 2011-ல் பிறந்தது. பயாஸ், "விளக்கு என் பொறுப்பு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறது. லினக்ஸ் நம்பிவிட்டது. பயாஸோ உத்தரவை வாங்கிக் குறித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் சொன்னான். யந்திரம் உயிர்பெற்று எழுகிறபோது பயாஸ், "நீ விண்டோஸா? இன்ன பதிப்பா?" என்று விசாரிக்குமாம். லினக்ஸ் கூசாமல் "ஆமாம்" என்று சொல்லுமாம். "நீ லினக்ஸா?" என்று கேட்டால் "இல்லை" என்று சாதிக்குமாம். பல கம்பெனிகள் பயாஸை விண்டோஸோடு மட்டுமே ஓட்டிச் சோதித்து அனுப்புவதால், உண்மையைச் சொன்னால் சரியாக வேலை நடப்பதில்லையாம். வாடகைக்கு வீடு பார்க்கப் போய், வீட்டுக்காரர் கேட்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிற குடித்தனக்காரனின் ஞாபகம் எனக்கு வந்தது.

முதலில் நோயைப் பரீட்சித்தோம். பின்விளக்குகளின் அடைவு ஒன்று இருக்கிறது. அதில் 'ஏசிபிஐ வீடியோ' என்ற ஒரே பெயர்தான் இருந்தது. அதன் உச்ச அளவு 15 என்று எழுதியிருந்தது. "5 என்று எழுதிப் பாருங்கப்பா" என்றான். எழுதினேன். 5 என்று ஏற்றுக்கொண்டது. வெளிச்சம் அசையவில்லை. "சந்தேகமே இல்லை" என்றான் வைத்தியன்.

அப்புறம் சிகிச்சை. யந்திரம் எழும்பும்போது முதலில் படிக்கிற 'க்ரப்' என்பதன் ஏட்டைத் திறந்து, ஒரு வரியின் மேற்கோள்குறிக்குள்ளே, பின்விளக்கு விஷயத்தில் நேர்வழியே போக வேண்டும் என்ற அர்த்தத்தில் இரண்டு சொல் சேர்க்க வேண்டும். அவன் புனேயிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் இங்கே ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லி அடித்தேன். நடுவில் ஓர் அடிக்கோடு வருகிறது. அதை நான் குறுங்கோடாகப் போட்டு, அவன் கண்டுபிடித்து, அழித்து எழுதியதில் கால்மணி போயிற்று. ஏட்டைப் புதுப்பிக்கும் கட்டளையும் கொடுத்தாயிற்று. "இனி ஒரு தடவை நிறுத்தித் திரும்பப் போடுங்க, சரியாயிடும். எனக்கு வேலை இருக்கு, வச்சுடறேன். அம்மா கண்ணைப் பார்த்துக்குங்க" என்று டெலிபோனை வைத்தான்.

நிறுத்தித் திரும்பப் போட்டேன். திரை பழையபடி உச்சி வெயிலாகத்தான் எழுந்தது. எனக்குச் சலித்துப் போயிற்று. மணி ஒன்பது. அவளுக்கு மருந்து விட்டுப் படுக்கச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியோடு படுத்தாள். நாலு கெட்டி அட்டைகளைச் சேர்த்துத் திரைக்குப் பக்கத்தில் தடுப்பாக நிறுத்திவைத்து எழுத ஆரம்பித்தேன். கதாநாயகி பிறந்த வீட்டுக்குப் போகிற அத்தியாயம். பதினொன்றரை மணிக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டது. எழுதுகிற வேகத்தில் பத்திரப்படுத்தி வைக்கவில்லை.

அப்போது அட்டை சரிந்து விழுந்தது. வெளிச்சம் கட்டில்மேல் பாய்ந்தது. அவள் தூக்கத்திலேயே முனகிக்கொண்டு கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இறக்கி வைத்தேன். பிறகு, ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற பரபரப்பில், சாயங்காலம் கற்ற வித்தையைத் திரும்பச் செய்தேன். கட்டளைப் பெட்டியைத் திறந்து அந்த அடைவைப் பார்த்தேன். பழைய பெயரைக் காணோம். 'இன்டெல் பேக்லைட்' என்று ஒரு புதுப் பெயர் நின்றது. அதைப் பார்த்த மாத்திரத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சாயங்காலம் போலவே 5 என்று எழுதினேன்.

அறை இருண்டது.

தணியவில்லை, அணைந்தே போயிற்று. மை இருட்டு. பாதி அத்தியாயம், பத்திரப்படுத்தாத அத்தியாயம், அந்த இருட்டுக்குள்ளே போய்விட்டது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்திலேதான் அவள் விழித்திருக்க வேண்டும்.

"என்னங்க, கரண்ட் போயிடுச்சா?"

"இல்லை. நான்தான் கெடுத்துட்டேன்."

காரணம் மறுநாள் தெரிந்தது. புதிய வழியில் உச்ச அளவு 15 அல்ல, 4882. நான் எழுதிய 5, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம். மூன்றில் ஒரு பங்கு கேட்டதாக நினைத்து ஆயிரத்தில் ஒரு பங்கு கேட்டுவிட்டேன். ஆனால் இருட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மகன் சொன்ன ஒன்றுதான் ஞாபகம் வந்தது: படம் வேறு, விளக்கு வேறு. விளக்கு அணைந்தாலும் கூத்து நடந்துகொண்டுதானே இருக்க வேண்டும்? செல்போனின் டார்ச்சைப் போட்டுச் சாய்வாகத் திரையின்மேல் பிடித்தேன். பேய் உருவம் போல மங்கலாக எழுத்துக்கள் தெரிந்தன! என் அத்தியாயம் உயிரோடிருந்தது. அதற்கு முன்னால் கட்டளைப் பெட்டி நின்றது. பெட்டியை விலக்கிவிட்டுப் பத்திரப்படுத்த இரண்டு கையும் வேண்டும். டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

"இங்கே கொடுங்க" என்று பக்கத்தில் குரல் கேட்டது. கட்டிலைவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

"உனக்கு வெளிச்சம் ஆகாது."

"வெளிச்சம் அங்கேதானே விழுது? என் கண்ணிலேயா விழுது? கொடுங்க."

கறுப்புக் கண்ணாடியோடு அவள் டார்ச்சைப் பிடித்தாள். கை நடுங்காமல் பிடித்தாள். நான் குனிந்து, மூக்குத் திரையில் இடிக்க, எழுத்தைத் தேடிப் பிடித்து அத்தியாயத்தைப் பத்திரப்படுத்தினேன். அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

"அந்தச் சூரியன் பொத்தானை அழுத்திப் பாருங்களேன்" என்றாள்.

"அது செத்த பொத்தான். மூணு மாசமா அது வேலை செய்யலை. உனக்குத்தான் தெரியுமே."

"அப்போ சாயங்காலம் பூரா உட்கார்ந்து எதைங்க ரிப்பேர் பண்ணினீங்க?"

நான் பதில் சொல்லுமுன் அவளே டார்ச் வெளிச்சத்தில் தேடிப் பெரிய சூரியனை அழுத்தினாள். திரை மெல்ல விடிந்தது. இன்னொரு தரம் அழுத்தினாள், இன்னும் கொஞ்சம். திருகைத் திருகினால் திரி ஏறுகிற மாதிரியே ஏறிற்று. சாயங்காலமே எல்லாம் சரியாகிவிட்டிருக்கிறது. ஒரே ஒரு தரம் பொத்தானை அழுத்திப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டிய ஒன்றை யார் போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள்?

"போதும். இது எனக்குக் குத்தலை. உங்களுக்கு எழுத்துத் தெரியுதா?" என்றாள்.

"தெரியுது" என்றேன். பிறகு, எத்தனையோ நாளாகச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "நீ கார்த்திகையிலேயே சொன்னே. நான்தான் காதிலே வாங்கலை."

"வாங்கினீங்க. தலையைக்கூட ஆட்டினீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அத்தியாயம் காலையில் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து வெளிச்சத்தை நான் மாற்றவில்லை. இந்த லினக்ஸில் ஒரு நல்ல குணம்: அணைக்கும்போது வெளிச்சம் எந்த அளவில் இருந்ததோ, அதை எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி எழும்போது அதே அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் வைத்த அளவிலேயே தினமும் திரை விழிக்கிறது.

அடுத்த மாதம் வலது கண்ணுக்கு ஆபரேஷன். அதற்குள் வேறு என்னவெல்லாம் என் காதுக்கு வந்தும் உள்ளே போகாமல் நின்றிருக்கிறது என்று அவளை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம் யோசித்துச் சொன்னாள். சமையலறைக் கதவு ஒரு வருஷமாகக் கிறீச்சிடுகிறதாம். இன்று காலையில் எண்ணெய் விட்டேன்.